பரிசு முதலில், ஓட்டம் பிறகு

காலை பத்தேகாலுக்குப் பரிசளிப்பு. பதினொன்றரைக்கு ஓட்டப்பந்தயம்.

அச்சுப்பிழை அல்ல. நல்லெண்ண மன்றத்தின் நடைமுறையே அதுதான். சிறப்பு விருந்தினரான நகைக்கடை அதிபருக்கு மதியம் கொச்சியில் இன்னொரு மேடை. பிள்ளைகள் ஓடி முடிக்கும்வரை உட்கார அவருக்கு ஏது நேரம்? ஆகவே மன்றத் தலைவர் உமாசங்கர், வந்திருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு நடை நடந்தார். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற முகத்தோடு, தலை வாரியிருந்த, சீருடை கசங்காத மூன்று பெண்களைப் பொறுக்கி மேடையேற்றினார். எண்ணூறு மீட்டர் முதல் பரிசு, குழந்தைகள் இல்லத்து அஸ்வதி. பதக்கம், கைகுலுக்கல், படம். அதிபரின் கார் கிளம்பியதும் கைதட்டல் நின்றது.

நாகலக்ஷ்மி கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கியில் வேலை. வருஷத்துக்கு ஒருநாள் இங்கே தன்னார்வலர், நேரம் குறிப்பவள். சேவை செய்ய வந்த பதினாறு மஞ்சள் டீ-சர்ட்டுகளில் பதினான்கு, மரநிழலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தன. போன வருஷமும் இதே கூத்துதான். போன வருஷம் அவளும் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டு, பிரியாணி தின்றுவிட்டு வீட்டுக்குப் போனவள். அதை நினைத்தால் மற்றவர்களைவிடத் தன்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

இந்த வருஷம் ஒரு வித்தியாசம். விளையாட்டு விடுதிப் பயிற்சியாளர் சபீனா வந்திருந்தாள். முடிவுத்தாளில் முதல் இரண்டு பெயர்களுக்கு விடுதித் தேர்வு. தங்க இடம், சாப்பாடு, படிப்பு.

"டீச்சர், ரெண்டுக்குள்ள வந்தா ஹாஸ்டல் கிட்டுமா?"

பதினான்கு வயது ஆர்ஷா. பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண். வெறுங்கால்.

"நான் டீச்சர் இல்ல."

"பின்னே கழுத்துல வாட்ச்சு தொங்குதே." காலால் மண்ணைக் கிளறினாள். "இது கிட்டலைன்னா ஸ்கூல் நிறுத்தமாம். அம்மா சொல்லியாச்சு. வீட்ல தம்பியப் பாக்கணும்."

ஓட்டம் தொடங்கும் நேரம் பார்த்து உமாசங்கர் சபீனாவை மைதானத்திலிருந்து கிளப்பினார். "வாங்க மேடம், பிரியாணி ஆறிரும். ஓட்டம் எங்க போயிரப் போவுது."

விசில். சுற்றுக்கு இருநூறு மீட்டர், நான்கு சுற்று. முதல் சுற்றிலேயே ஆர்ஷா தனியாகப் பிரிந்தாள். பதக்கத்தைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருந்த அஸ்வதி, அது முகத்தில் அடிக்காமலிருக்கப் பல்லால் கடித்துக்கொண்டு ஓடி நான்காவதாக வந்தாள். ஆர்ஷா கோட்டைத் தாண்டியபோது நாகலக்ஷ்மி பொத்தானை அழுத்தினாள். இரண்டு நிமிடம், இருபத்திரண்டு விநாடி. இரண்டாவதாக வந்தவள் அப்போது அரைச்சுற்று தூரத்தில் இருந்தாள்.

உமாசங்கர் ஏப்பத்தோடு திரும்பி வந்தார். "எழுதுங்க. முதல்ல அஸ்வதி."

"அவ நாலாவது."

"படம் போயாச்சு, கேட்டியளா. அதிபரே ஃபேஸ்புக்ல போட்டாச்சு. இனி ஆண்டவன் நெனச்சாலும் அவ ஃபர்ஸ்ட்டுதான்."

"ஓடினது யாரு சார்?"

"எல்லாரும்தான் ஓடுனாவ. பங்கெடுத்தாலே ஜெயிச்ச மாதிரி. அதானே நம்ம கொள்கை."

"நேரம்?"

"உங்க வாட்ச்சுல என்ன இருக்கோ அத எழுதுங்க. அதையெல்லாம் யாரு பாக்கா?"

பித்தளைக் குடத்தில் பத்து கிராம் குறைந்தால் கையில் தூக்கியே சொல்லிவிடுகிற மனிதர். ஓட்டத்தில் எடை எதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நாகலக்ஷ்மிக்குத் தெரியும். மறுபேச்சு இல்லாமல் எழுதினாள். அஸ்வதி, 2:22.

உமாசங்கர் மைக்கில், காலையில் மேடையேற்றிய மூன்று பெயர்களையும் முழங்கினார். ஆர்ஷா பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

சபீனா தாளை வாங்கினாள். பெயரில் அவள் கண் நிற்கவில்லை. எண்ணில் நின்றது.

"இந்த வயசுல இவ்வளவு வேகமா? இது ஆரு?"

"நம்ம அஸ்வதி, மேடம்."

"கூப்பிடுங்க. என் முன்னால ரெண்டு சுற்று ஓடட்டும்."

உமாசங்கரின் மீசை ஒருபக்கமாகச் சரிந்தது. "சாப்ட்ட உடனே எப்படி மேடம்..."

"சாப்ட்டது நாமதானே. பிள்ளைகளுக்கு இன்னும் சோத்துப் பொதி பிரிக்கலையே."

அஸ்வதி வந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள். "இது ஞான் அல்ல. ஞான் நாலாமது. மெடல் சார் காலைலயே தந்தது."

சபீனா நாகலக்ஷ்மி பக்கம் திரும்பினாள்.

"நேரம் என் வாட்ச்சுல உள்ளது," என்றாள் நாகலக்ஷ்மி. "பேரு சார் சொன்னது."

"அப்போ இந்த ரெண்டு இருபத்திரண்டு எங்கே?"

நாகலக்ஷ்மி ஓடினாள். மன்றத்தின் வரலாற்றில் ஒரு மஞ்சள் டீ-சர்ட் ஓடியது அன்றுதான்.

வாசலுக்கு வெளியே, சாலையைக் கடக்க நின்றவளின் பையைப் பிடித்து இழுத்தாள். "வா. இன்னும் ரெண்டு சுற்று."

"ஓடியாச்சே டீச்சர்."

"பாக்க வேண்டியவங்க அப்போ கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டிருந்தாங்க. வா."

ஆர்ஷா ஓடினாள். இம்முறை சபீனாவே வாட்ச்சைப் பிடித்தாள். அறுபத்தொன்பது விநாடி. சபீனா தாளில் மூன்று பெயர்களையும் அடித்தாள். மேலே ஆர்ஷா என்று எழுதி, அடுத்து வந்தவள் பெயரையும் கேட்டு எழுதி, கையெழுத்திட்டாள். "பத்தாம் தேதி. அம்மாவையும் கூட்டிட்டு வா."

ஆர்ஷா தலையை மட்டும் ஆட்டினாள். மூச்சு இன்னும் திரும்பவில்லை.

உமாசங்கருக்குத் திரும்பிவிட்டது. புகைப்படக்காரரை இழுத்துக்கொண்டு ஆர்ஷாவிடம் வந்தார். "மக்களே, வா. அந்த ஃப்ளெக்ஸ் பக்கத்துல நில்லு. அதிபர் சிரிச்சுட்டு நிக்காருல்லா, அவரு கைகிட்ட. அஸ்வதியோட மெடலை ஒரு நிமிஷம் போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துரு."

ஆர்ஷா அந்த ஆளுயர அதிபரை ஏற இறங்கப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"ஒன்னேகாலுக்கு வண்டி சார். அவரு தனியாவே நிக்கட்டும்."