சிவப்புக் கோடு

ஹீட்டர்காரர் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக் குளியலறையில் ஹீட்டர் மாட்டினாலும், கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வெப்பத் திருகில் ஐம்பது டிகிரிக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போடுவார்.

"சின்னப் பிள்ளை இருக்கிற வீடும்மா. இதுக்கு மேல திருப்பாதீங்க. வாளியில முதல்ல பச்சைத்தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி."

பத்து வருடமாக ஒப்பிக்கும் பாடம். அவர் வீட்டு ஹீட்டரில் மட்டும் கோடு கிடையாது. 'நான்தான் இருக்கேனே, நமக்கு எதுக்கு' என்று விட்டது, விட்டதுதான்.

இப்போது மருத்துவமனை பெஞ்சில் ஒரு ஓரமாக அவர், மறு ஓரத்தில் மனைவி, நடுவில் அவருடைய அக்கா. உள்ளே இரண்டு வயது மகள் சிட்டு, முழங்கால் வரை கட்டுப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"துண்டு எடுக்கத் திரும்பினேன். அதுக்குள்ள வாளியில காலை விட்டுட்டா," என்று மனைவி காலையிலிருந்து நூறு தடவை சொல்லிவிட்டாள். அந்தத் துண்டு இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

"ஊருக்கே ஹீட்டர் மாட்டுறவன் பொண்டாட்டி! பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியல," என்றாள் அக்கா.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சட்டுனு தூக்கிட்டேன்னு சொல்றீங்க. அதுக்கா இவ்வளவு ஆழமா வெந்திருக்கு?"

"நான்தான் முதல்ல சுடுதண்ணியைத் திறந்தேன். தினம் அப்படித்தான் பண்ணுவேன். கை பொறுக்கும். இன்னிக்கு மட்டும்..." என்றாள் மனைவி. "இனிமே அவளை நான் குளிப்பாட்டவே மாட்டேன். தொடவே பயமா இருக்கு."

ஹீட்டர்காரர் தன் கைகளைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் விரல்களில் ஒட்டிய குழாய்ப் பசை எதற்கும் மசியவில்லை. அதற்காக வீட்டு ஹீட்டரின் திருகை எழுபத்தைந்துக்கு ஏற்றினார். கை சுத்தமானது. திருப்பி இறக்க மறந்துபோனார். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்றார். "எழுபத்தஞ்சுல வச்சது நான். கை கழுவ ஏத்தினேன். இறக்கல."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சிவப்புப் பேனா இருக்கா?"

எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டாள்.

"நம்ம வீட்டுக் கோட்டை நானே போட்டுக்கறேன்."

உள்ளே சிட்டு விழித்து வீறிட்டாள். கணவனும் மனைவியும் எழுந்தார்கள்.

"நீங்க இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டு, அவள் மட்டும் உள்ளே போனாள்.