பை நிறையும்வரை

சிறுநீர்க் குழாய் செருகிய இடம் எரிந்ததை ஆஸ்பத்திரியில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் கழற்றிவிடுவார்கள். குழாய் இருந்தால் பை நிறையும். நிறைந்தால் நர்ஸ் பெண் வருவாள். காலி செய்தபடியே தன் மாமியாரைத் திட்டித் தீர்ப்பாள். அதற்காகவே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தேன். என் மகனோ போனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பான், பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவான்.

காய்ச்சல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"வேத்தாள் நுழைஞ்சுட்டான்னு உடம்பு குழாயோட சண்டை போடுது. அதான் மூத்திரப்பை வீங்கியிருக்கு. குழாயை எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

இந்த உடம்புக்கு எவ்வளவு திமிர்! வந்த ஒரே ஆளையும் விரட்டிவிட்டது.

"இனிமே நீங்களே எழுந்து போய்க்கலாம், ஐயா," என்று நர்ஸ் பெண் பையோடு போனாள்.

இரண்டு நாளில் எரிச்சல் அடங்கியது. நான் இன்னொரு பாட்டில் குடித்துவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.