ஹாத்துவாய் தேவாலயத்தின் உயரம்

எங்கள் கிராம்புத் தீவில், ஹாத்துவாய் ஊர்த் தேவாலயத்துக்குப் புதுத் தகரம் வேய்ந்த மறு ஞாயிறு, இரண்டாம் பாட்டு முடிவதற்குள், கூரை சுவரை விட்டு ஒரு முழம் எழும்பி அந்தரத்தில் நின்றது. ஓர் ஓடும் சரியவில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஓடே இல்லை. தகரம் ஒன்றும் சரியவில்லை என்பது உண்மை. அந்த வாரம் கிராம்பு விலையும் ஏறியிருந்ததால் ஊர் இரண்டையும் சேர்த்தே பேசியது.

டச்சுப் பாதிரி ஒருவர் வரைந்துகொடுத்த எட்டுப்பட்டைக் கட்டடம் அது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர். உச்சியில் சிலுவைக்குப் பதில் காற்று காட்டும் தகரச் சேவல். நடுவே நிற்கும் நான்கு தூண்கள் மட்டும் எங்களுடையவை அல்ல. நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் லத்துசிரி முஸ்லிம்கள் மரம் வெட்டி, படகில் கட்டி இழுத்துவந்து நட்டவை. இரண்டு ஊரும் பேலா, அதாவது முன்னோர்கள் ரத்தம் கலந்து குடித்து உடன்பிறப்பானவர்கள். அவர்கள் பள்ளிவாசலுக்கு நாங்கள் மரம் சுமப்போம். எங்கள் கோயில் கூரையில் முதல் கை அவர்களுடையது. அழைக்காமல் விடுவது அடித்து விரட்டுவதற்குச் சமம்.

ஊர்த்தலைவர் மார்த்தினுஸ் அழைக்காமல் விட்டார். அது நோன்பு மாதம். வெறும் வயிற்றோடு அவர்களை உத்தரம் தூக்கவைப்பது பாவம் என்று நினைத்தார். இரக்கம்தான், ஆனால் கேட்காமல் காட்டிய இரக்கம். அம்போன் நகரத்திலிருந்து தச்சர்களை வரவழைத்து வேலையை முடித்தார். கூரை எழும்பியதும் காரணம் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. மாலை வெயில் அந்த இடைவெளி வழியே வந்து உள்ளே ஒரு மஞ்சள் வளையமாகக் கிடந்தது. பிரசங்க நேரத்தில் சின்ன மேகங்கள் நுழைந்து, டச்சுக்காரர்கள் விட்டுப்போன பெஞ்சுகளில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போயின. மூங்கில் குழல்களின் சங்கீதம் மேலே வழிந்து வெகுதூரம் போனது. கடலில் மீனவர்கள் துடுப்பை நிறுத்திக் கேட்டார்கள். பழகாதவள் ஒருத்திதான், தலைவரின் மகள் தொர்த்தியா. சுவரில் உட்காராத கூரையின்கீழ் கல்யாணம் நடத்த மாட்டேன் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை யோசியஸின் தாயோ, கிராம்பு அறுவடைக்குள் நடக்காவிட்டால் வேறு பெண் பார்ப்பேன் என்று சொல்லியனுப்பினாள். யோசியஸ் தாய் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். பாவம், தொர்த்தியா அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

“அப்பா, அக்கரைக்குப் போய் மன்னிப்புக் கேளுங்க.”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?”

“அப்ப என் மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் போறேன்.”

தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். லத்துசிரித் தலைவர் ஷுஐப் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“எங்களுக்கும் தெரியுது, மகளே. இங்கேருந்து பார்த்தா உங்க சேவல் மேகத்தக் கொத்துது.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அழுதுவிட்டாள்.

“நோன்பாச்சேன்னுதான் அப்பா...”

“நோன்பு வயித்துக்கு, தோளுக்கு இல்ல. போய் சாகோ மாவுக் கூழ் கிண்டு, வர்றோம். அவரும் எங்களோட சேர்ந்து சுமக்கணும்னு மட்டும் சொல்லு.”

படகுகள் வந்தன. பிரம்புக் கயிறு போட்டுக் கூரையை இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஷுஐப் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அது எறங்காதாம். சரி, சுவரு ஏறட்டும்,” என்றார். அவ்வளவுதான் யோசனை. பவளக்கல் குவிந்தது, சுண்ணாம்பு குழைந்தது. மார்த்தினுஸ் ஊரார் முன்னால் குனிந்து முதல் கல்லைத் தூக்கினார். கனமில்லாத கல்தான், ஆனாலும் கண்ணீர் கொட்டியது. ஷுஐப் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

“அழுது சுண்ணாம்பக் கெடுக்காதீங்க, அண்ணே.”

அறுவடை தொடங்கிய வாரம் சுவர் கூரையைத் தொட்டது. கூரை அடைக்கோழி மாதிரி அதன்மேல் அமர்ந்தது. சனிக்கிழமை கல்யாணம். யோசியஸின் தாய் மூன்று தட்டு மீன் சாப்பிட்டாள், குறை ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகும் கடல் கொந்தளித்து பேலா விருந்துக்கு லத்துசிரிப் படகுகள் வராத வருஷங்களில் கூரை ஒரு சாண் எழும்புவதுண்டு. யாரும் பதறுவதில்லை, அவர்கள் வந்ததும் சேர்ந்து சுவரை ஏற்றிக்கொள்வோம். சுவரில் சேர்ப்புக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். அளக்க வரும் அதிகாரிகள் ஆளுக்கொரு உயரத்தை எழுதிக்கொண்டு போவார்கள். அக்கரைக்குச் சொல்லியனுப்ப மறந்து தொர்த்தியாவின் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்றும் எழும்பியது. பாதிரியார் தண்ணீரைத் தொட்டபோதே உள்ளே வெளிச்சம் கூடியது. அவள் திரும்பி அப்பாவைத் தேடினாள். மார்த்தினுஸ் இடத்தில் இல்லை. யாரும் சொல்லாமலே கரைக்குப் போய்ப் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.