பாலத்தைப் பற்றிய கட்டுரை கெட்டுப்போன விதம்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஊர் வென்னெட் ஆற்றின் பழைய கற்பாலத்தைப் பற்றி ஒரு சிற்றிதழுக்கு நான் எழுதிய கட்டுரை இது. "நூற்றாண்டுகளாகத் தன் மூன்று வளைவுகளாலும் நதியின் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் பாலம்" என்று தொடங்கியது. (அந்த வயதில் அதற்குக் காது கேட்குமா என்று யாரும் கேட்கவில்லை.) கட்டுரையை அனுப்பிய வாரமே, பிப்ரவரி மழையில், ஆறு கரையை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. பாலம் நின்ற இடத்திலேயே நின்றது. அடியில் கூழாங்கல், சேறு, யாரோ தொலைத்த ஒற்றை ரப்பர் பூட்ஸ்.

ஆறு என்றதும் காவிரியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வென்னெட்டை ஒரு மாடு மனம் வைத்தால் தாண்டிவிடும். மாடுகள் மனம் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

கட்டுரை பாழ். எரிச்சல் மட்டும் மிஞ்சியது. எரிச்சல் மிஞ்சினால் கதை எழுதலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

2.

ஆற்றின் இரு கரைகளிலும் ஓர் அக்காவும் தம்பியும் வாழ்ந்து வந்தார்கள். அவர்களுக்குள் ஒரு நிலத்தகராறு…

வேண்டாம். நிலத்தகராறு என்று எழுதினால் நம் வாசகர்கள் உடனே சர்வே நம்பர் கேட்பார்கள். மேலும் அது பொய். மேற்குக் கரை நோரீனுக்கு, கிழக்குக் கரை க்ளைவுக்கு என்று அவர்கள் அப்பா, கிழவர் சாம்வேஸ், உயிரோடு இருக்கும்போதே ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இருவரும் அதைப்பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மாடு வளர்த்தார்கள். எழுத்தாளனுக்கு உதவாத குடும்பம்.

தகராறு அந்தக் கிழவரைப் பற்றியது. கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பிப்போனது. மூத்தவள் நோரீன்தான் கூட வைத்துப் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. (அப்பாவுக்காகத் தியாகம் செய்தாள் என்று எழுதலாம். அவளிடமே கேட்டேன். ஊரில் இருந்த ஆண்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொன்னாள்.) பித்தப்பை அறுவைக்காக அவள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது அப்பாவைத் தம்பியிடம் விட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அவர் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். யாரையும் அடையாளம் தெரியாத அந்த இடத்தில், அந்த வசந்தம் முடிவதற்குள் போய்ச்சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து, எல்லோரும் கையில் சாண்ட்விச் தட்டோடு நின்றபோது, நோரீன் தம்பியிடம் சொன்னாள்:

"இனிமே பாலத்தத் தாண்டி என் பக்கம் வராத."

"நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அதன்பின் பல வருடம் பேச்சில்லை. தேவாலயத்தில் அவள் இடது வரிசை, அவன் வலது. நடுவில் உட்கார்ந்த எங்களுக்கு எப்போதும் குளிரும்.

3.

ஆறு இப்போது க்ளைவ் வீட்டின் பின்பக்கமாக, அவனுடைய பார்லி வயலைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அக்காவும் தம்பியும் ஒரே கரை ஆகிவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது காய்ந்த பள்ளம் மட்டும்.

"இயற்கையே பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்க விரும்பியதோ…"

அடித்துவிட்டேன். இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

நடந்தது இது. காலையில் நோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இருமல் சத்தம் கேட்டது. அப்பா, என்று கை நின்றது. பிறகுதான் உறைத்தது, க்ளைவ். இத்தனை வருடம் தண்ணீர்ச் சத்தம் அவனை மூடி வைத்திருந்தது. இப்போது எல்லாம் கேட்கிறது: அவன் ரேடியோ, அவன் மாடுகளைத் திட்டுவது, இருமல். ஒரு நாள் இருமல் என்றால் பரவாயில்லை. அது நிற்கவே இல்லை.

இந்த நேரத்தில் ரூபர்ட் ஃபேன்ஷா வருகிறார். ஊராட்சித் தலைவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். படுக்கையறை ஜன்னலில் பாலம் தெரிகிறது என்பதற்காகவே லண்டனை விட்டு வந்தவர். ஆறில்லாத பாலம் பல்லில்லாத வாய் மாதிரி இருப்பதாகக் கூட்டத்துக்குக் கூட்டம் வருந்தினார். ஆற்றைத் தோண்டிப் பழைய இடத்துக்கே கொண்டுவர நதி இலாகா தயார். ஆனால் தோண்ட வேண்டிய உடைப்புக்கு இருபுறமும் சாம்வேஸ் நிலம். இருவரும் சம்மதிக்க வேண்டும்.

க்ளைவ் மறுக்க மாட்டான், பார்லி மூழ்கிக் கிடக்கிறது. நோரீனும் மறுக்க மாட்டாள், தம்பியின் முகத்துக்கும் தனக்கும் நடுவில் தண்ணீர் ஓடினால் அவளுக்கு நிம்மதி. அப்படித்தான் ஊர் கணக்குப் போட்டது. நோரீன் யோசிக்கிறேன் என்றாள். ரொட்டி வாங்குவதற்குக்கூட யோசிக்காதவள். ஊர்க்கடையில் புதன்கிழமைகளில் நான்தான் நிற்பேன். ஏன் என்று கேட்டேன். தேயிலைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவன் இருமுறது சரியில்ல."

4.

பிறகு மாடுகள் வந்தன. (கதை நகராவிட்டால் மாட்டை விடு என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இவை தாமாகவே வந்தவை.) க்ளைவின் மாடுகள் காய்ந்த பள்ளத்தைக் கடந்து நோரீனின் கோஸ் பாத்திகளில் இறங்கின. அவள் குச்சியோடு ஓட்டிக்கொண்டு போனாள். அவன் எதிரே வந்தான். பள்ளத்தின் நடுவில், முன்பு இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தில், இருவரும் நின்றார்கள்.

முதலில் நான் எழுதியது: 'அப்பாதான் தன்னை இல்லத்தில் சேர்க்கச் சொன்னார்' என்று க்ளைவ் வெளிப்படுத்துகிறான், அக்கா கதறுகிறாள். கச்சிதமான காட்சி. நோரீனுக்குப் படித்துக் காட்டினேன். தன் வாழ்க்கையில் கதறியதில்லை என்றும், அவர்களுடைய அப்பா அப்போது தன் பெயரையே சொல்லும் நிலையில் இல்லை என்றும் சொன்னாள். பேசியது இவ்வளவுதானாம்:

"பயந்துட்டேன், நோரீன். எழுந்து எழுந்து ஆத்துப் பக்கம் போயிடுவாரு. மாட்டப் பாக்கறதா, அவரப் பாக்கறதான்னே தெரியல."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல."

"நீ வயித்தத் தச்சிக்கிட்டுப் படுத்திருந்த."

"இருந்தாலும்."

"ஆமா," என்றான் க்ளைவ். "இருந்தாலும்தான்."

மாடுகள் திரும்பவும் கோஸுக்குப் போய்விட்டன. இந்தமுறை யாரும் ஓட்டவில்லை.

"அந்த இருமலுக்கு டாக்டரப் பாத்தியாடா?"

பார்க்கவில்லை. கன்று ஈனும் காலம், பார்லி வேறு போச்சு என்று ஏதேதோ சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எவ்வளவு இளைத்துவிட்டான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு இருந்தவரை அவனை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

5.

ஊராட்சிக் கூட்டத்தில் ரூபர்ட் கேட்டார். ஆறு போன இடத்திலேயே இருக்கட்டும் என்றாள் நோரீன். எல்லோரும் க்ளைவைப் பார்த்தோம். பார்லியை இழந்தவன். அவன் இருமி முடிக்கும்வரை அறை காத்திருந்தது.

"அவ சொல்றதுதான்," என்றான்.

ரூபர்ட் அழகைப் பற்றி நெடுநேரம் பேசினார். அழகை அவர் ஜன்னலை மூடிவிட்டு அனுபவிக்கலாம் என்று நோரீன் யோசனை சொன்னாள்.

இங்கே முடித்துவிடலாம். சிலருக்கு இது போதும். பாலத்தின் மேல் இருவரும் கைகோத்து நிற்கும் முடிவும் கைவசம் இருக்கிறது, அட்டைப்படத்துக்கு உதவும். ஆறு தானாகவே திரும்பி வந்துவிடுவது இன்னொன்று, மாய யதார்த்தப் பிரியர்களுக்கு.

ஆனால் இன்று புதன்கிழமை. காலையில் நோரீன் தன் பழைய காரில் தம்பியை ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதல் எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்ததாம், திரும்பவும் பார்க்கவேண்டுமாம். கடை வாசலில் நிறுத்தி அவனுக்கு மிட்டாய் வாங்கினாள். எது வேண்டும் என்று அவனைக் கேட்கவில்லை. நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சில்லறையை மட்டும் கொடுத்தேன்.

மாலையாகிவிட்டது. அவர்கள் இன்னும் வரவில்லை. கட்டுரையை முன்கூட்டியே எழுதி முடித்து அவமானப்பட்டவன் நான், இதை முடிக்க மாட்டேன். டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மற்ற கதைகளில் எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் இருங்கள். இதில் மட்டும், தயவுசெய்து, கொஞ்சம் தாராளமாக எழுதுங்கள்.