குடும்பக் கார் என்று நான் சொல்லமாட்டேன்

சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டேன். ஷிஹான் நானாவிடம் காலையிலிருந்து இதைத்தான் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காத்தான்குடியில் அவருக்கு ஒரு கார் சேல், வாங்கி விற்கிற கடை. புது வாகனம் ஏதாவது வந்தால் ஆரையம்பதியிலிருந்து நான் போய் வீடியோ எடுத்து, பார்த்ததும் மனதில் பட்டதைப் பேசிப் போடுவேன். விதுசா சொன்னால் சரியாக இருக்கும் என்று வந்தாறுமூலை கம்பஸ்காரரிலிருந்து ஏறாவூர் வியாபாரிகள் வரை நம்புகிறார்கள். என்னிடம் இருக்கிற ஒரே முதல் அந்த நம்பிக்கைதான்.

அன்று வந்திருந்தது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே. வடிவென்றால் அப்படி ஒரு வடிவு! நீண்ட பொனட். கூரை முன்கண்ணாடியிலிருந்து ஏறி, நிற்காமல் டிக்கி வரை சரிந்து போகிறது. பின்சக்கரங்களுக்கு மேலே தகடு புடைத்து நிற்கிறது. பின்விளக்கு ஒரே சிவப்புக் கோடு. கமராவை மறந்து இரண்டு தரம் சுற்றி வந்தேன். எனக்கே ஆசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"எல்லாத்தையும் சொல்லு தங்கச்சி. கடைசியில குடும்பத்துக்கு ஏத்த கார் எண்டும் ஒரு வார்த்தை போட்டுடு," என்றார் நானா.

"பின் சீற்றைப் பார்த்தீங்களா நானா? ரெண்டு ஸ்கூல் பேக் வைக்கலாம். இது ஒராள், மிஞ்சினா ரெண்டாள் ஆசைக்கு ஓடுற கார். அதைச் சொன்னா அதுக்கெண்டு ஆக்கள் வருவாங்க."

"எங்கட ஊர்ல ஆர் தனக்கெண்டு மட்டும் கார் வாங்குறான்? கலியாணம் முடிச்சா பொம்புள ஊட்டுலதானே போய்க் குடியிருக்கிறம். மாமியை ஏத்த ஏலாத காரை எவன் அந்த ஊட்டு வாசல்ல நிப்பாட்டுவான்? நீ சொல்லாட்டி வேற ஆள் பார்ப்பன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இவ்வளவும் தெரிந்துகொண்டே ஊராரை ஏமாற்றச் சொல்கிறாரே! என்னை நம்பி ஒரு மாப்பிள்ளை இதை வாங்கிக்கொண்டு போய் மாமியிடம் பேச்சு வாங்கினால், அடுத்த தரம் என் வீடியோவை யார் பார்ப்பார்கள்?

"சரி, உங்கட மாமியை இதுக்குள்ள ஏத்துங்க. அவ சிரிச்ச முகத்தோட இறங்கினா நான் சொல்றன்," என்றேன்.

நானாவின் முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனால் கடையில் நின்ற எல்லோரும் கேட்டுவிட்டார்கள், பின்வாங்க முடியவில்லை. நானாவின் வீடு கடைக்குப் பின் ஒழுங்கையில்தான். அவர் மனைவி றபீக்கா, தன் உம்மா ஸைனம்புவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"குடும்பக் கார் மாமி, ஏறிப் பாருங்க," என்று நானா முன் இருக்கையை மடித்தார். நான் கமராவை ஓடவிட்டேன்.

ஸைனம்பு மாமி குனிந்தார். பக்கவாட்டில் நுழைந்தார். அபாயா கொளுவிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே.

"யா அல்லாஹ்! காருக்குள்ள ஏறுறதா, கோழிக்கூட்டுக்குள்ள பூருறதா?"

ஒருவாறு வெளியே வந்து மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தார். இனி நல்ல பேச்சு விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். மாமியோ காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்விளக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு மடித்த இருக்கையை நிமிர்த்தி, அதில் சொகுசாக அமர்ந்துகொண்டார்.

"வடிவான காராத்தான் கிடக்கு. மகள், நீ ஓட்டு. கல்லடிப் பாலம் மட்டும் போய் வருவம்."

"அப்ப நான் மாமி?"

"நீங்க பின்னுக்கு ஏறுங்க மகன். குடும்பக் கார்தானே?"

றபீக்கா சிரித்துக்கொண்டே தன் பக்க இருக்கையை மடித்து வழிவிட்டார். நானா ஏறினார். கார் உறுமிக்கொண்டு பிரதான வீதிக்கு இறங்கியது.

திரும்பி வந்தபோது உள்ளே பார்த்தேன். பாவம், கழுத்து ஒரு பக்கம் வளைந்து, முழங்கால் இரண்டும் நாடியில் முட்டிக்கொண்டிருந்தன. இரக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடுவேனா? யன்னலுக்குள் கமராவை நீட்டினேன்.

"ஷிஹான் நானா, இது குடும்பத்துக்கு ஏத்த காரா?"

மாமி முன் இருக்கையை விட்டு அசையவில்லை. "சொல்லுங்க மகன், பிள்ளை கேக்குது."

"ரெண்டு பேருக்குத்தான் தங்கச்சி! ரெண்டே ரெண்டு பேருக்கு. அப்பிடியே போடு," என்றார் நானா. "மாமி, இனியாவது எழும்புங்களேன்!"

ஒரு சொல்கூட வெட்டாமல் அப்படியே போட்டேன்.