ஏறிக்கொண்டே போன எண்ணெய்

எஞ்சின் எண்ணெயின் அளவு ஏறியிருக்கிறது என்பதை அக்காளின் கணவர் தம்பியிடம் ஒரு நற்செய்தியாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, காரின் முன்மூடி திறந்திருந்தது. ஒரு கையில் எண்ணெயின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியும் மறு கையில் எஃகு அளவுகோலும் வைத்திருந்தார். அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். வேலிக்கோடு மயிரிழை விலகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரைபவர். ஆகவே நான்கு மாதத்தில் பதினொரு மில்லிமீட்டர் ஏற்றம் என்று அவர் சொன்னால், அது பதினொன்றுதான்.

“எல்லார் கார்லயும் எண்ணெய் குறையும் மாப்ள. நம்ம கார்ல ஊறுது,” என்றார்.

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தும் அவன் சிரிப்பை நிறுத்தவில்லை.

அவன் பதினான்கு ஆண்டுகள் பெயிண்ட் தொழிற்சாலையில் தரம் சோதிப்பவனாக இருந்தவன். தொழிற்சாலையை மூடியபின், டயர்க் கடை ஒன்றின் பின்புறக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, உணவகங்கள் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கிவந்து, வடிகட்டிக் காய்ச்சி, கழிவைப் பிரித்துக் கழுவி உலர்த்திப் பயோடீசல் ஆக்கிக்கொண்டிருந்தான். சரக்கில் குறை சொல்ல இடமில்லை. கண்ணாடிக் குடுவையில் பிடித்தால் தேனைப்போல் தெளிந்திருக்கும். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆள் ஆகக்கூடியவர் ஒருவர் இருந்தார். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையத்தின் முதலாளி அவர். ஒன்பது வேன்கள் வைத்திருந்தார். பழைய வண்டி கழுதையைப்போல எதைப் போட்டாலும் தின்றுவிட்டு ஓடும், தம்முடையவை எல்லாம் புதியவை, புதிய கார் ஒன்று ஆறு மாதம் இதில் ஓடுவதைக் கண்ணால் கண்டால் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தம்பிக்குத் தெரிந்த புதிய கார் அக்காளுடையது மட்டுமே.

அக்காள் வீடுவீடாகப் போய், விழுந்தவர்களையும் வாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட். அந்தக் காரே அவளுடைய பணியிடம். பின் இருக்கையில் மடக்கு நடைவண்டி, ரப்பர்ப் பட்டைகள், மணல் பைகள். தம்பி வந்து கேட்டபோது அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை.

“வண்டி நின்னா உன் தோள்ல ஏறித்தான் வேலைக்குப் போவேன். ஞாபகம் வச்சுக்க,” என்றாள். அவ்வளவுதான் பத்திரம்.

டாங்கில் பாதி பெட்ரோல் நிலையத்து டீசல், பாதி தம்பியின் சரக்கு. கார் நன்றாகவே ஓடியது. பலகாரம் பொரிக்கும் வாசனை லேசாகப் புகையில் வந்ததைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. இடுப்பு முறிந்து படுத்திருந்த நோயாளி ஒருவர், அவள் தெரு முனையில் திரும்பும்போதே தமக்குப் பசியெடுத்துவிடுகிறது என்று குறைபட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறன்று தம்பிக்குப் புரிந்தது இதுதான். புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கரி நிறைந்ததும் அதை எரிப்பதற்காக எஞ்சின் தானாகவே கொஞ்சம் எரிபொருளைக் கூடுதலாகப் பீச்சும். சாதாரண டீசல் பெரும்பாலும் ஆவியாகிப் புகையோடு போய்விடும். பயோடீசல் கனமானது, சிலிண்டரின் சுவரில் ஒட்டி, வழிந்து, கீழே இருக்கும் எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். அக்காளோ வீட்டுக்கு வீடு பத்து நிமிட ஓட்டம் என்று வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுபவள்; கரி எரிந்து முடிவதற்குள் வண்டி அணைந்துவிடும்; அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் மறுபடி தொடங்கும். ஆக, ஏறிக்கொண்டிருந்தது எண்ணெய் அன்று. எண்ணெய் நீர்த்துக்கொண்டிருந்தது. நீர்த்த எண்ணெய் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே நெடுநாள் நிற்காது.

முதலாளி வந்து பார்க்க இன்னும் ஏழு வாரம் இருந்தது.

மறுநாளே அவன் வந்து, எண்ணெயை ஒருமுறை மாற்றிவிடலாம், செலவும் வேலையும் தன்னுடையவை என்றான். அக்காளின் கணவர் கையேட்டை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார். பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று அதில் அச்சிட்டிருந்தது. கார் இன்னும் எட்டாயிரத்தைத் தொடவில்லை. ஊறுகிற எண்ணெயைக் கொண்டுபோய்க் கொட்டுவானேன் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. தம்பி கையேட்டை மூடி அவரிடமே கொடுத்துவிட்டுப் புறப்பட்டான்.

தான் பொய் ஏதும் சொல்லவில்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு, தெரியாதவளை ஓட்டவிடுவதற்குப் பொய் என்பதைத் தவிர வேறு பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. ஏழு வாரம் தாங்கிவிடும், முதலாளி தலையசைத்த மறுநாளே மாற்றிவிடலாம் என்பது அவன் கணக்கு. இரவல் குதிரையை எவ்வளவு தூரமும் ஓட்டலாம் அல்லவா?

முதலாளி ஒரு சனிக்கிழமை பிற்பகல் வந்தார். ஒரு காலத்தில் தாமே வேன் ஓட்டியவர் ஆதலால் நாற்காலியைக் காட்டியபோதும் உட்காரவில்லை. எஞ்சினை உறுமவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். நான்கு தெருக்களைச் சுற்றி ஓட்டிவந்தார். அடுத்த மாதம் ஆறு வேன்களுக்கு ஊற்றிப் பார்க்கலாம், மற்ற மூன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் வருவதற்குச் சற்று முன்தான் காரில் வேலையிலிருந்து திரும்பியிருந்த அக்காள், வாசலருகே செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, தம்பியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பதினாறு மாதமாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவன் அவன்.

அக்காளின் கணவரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. முன்மூடியைத் திறந்து, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டெடுத்து, அளவுகோலை வைத்து முதலாளியிடம் காட்டினார். பத்தொன்பது மில்லிமீட்டர்.

முதலாளிக்கும் மகிழ்ச்சிதான். “அப்ப நம்ம டிரைவருங்க எண்ணெயே மாத்த வேணாம்னு சொல்லுங்க. ஏற்கெனவே அவனுங்க மூடியைத் திறந்து பாக்குறதில்ல,” என்றார்.

இருவரும் சிரித்தார்கள். தம்பி இம்முறை சிரிக்கவில்லை. அவன் கணக்கில் இதுவரை ஒரு காரும் ஏழு வாரமும்தான் இருந்தன. இப்போது ஒன்பது வேன்களும், நெடுஞ்சாலையில் அவற்றை ஓட்டப்போகும் ஒன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவரை நடக்கச் சொல்லாமலே அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது அக்காளின் தொழில். “என்னடா?” என்றாள்.

“அது எண்ணெய் இல்ல மாமா,” என்றான் தம்பி. “என் டீசல். உள்ள இறங்கியிருக்கு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான், எதையும் குறைக்கவில்லை. முதலாளி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கொஞ்சமாகக் கலந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்றால் கெடுதல் இராது, ஆனால் அந்த அளவுக்கு அவர் இந்தத் தொல்லையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, புதிய வண்டிக்கு இது வேலைக்காகாது என்று தம்பியே பதில் சொன்னான். அவருடைய சலவை நிலையத்தில் வெந்நீர் காய்ச்சும் பாய்லரில் ஊற்றினால் நன்றாக எரியும் என்றும் சொன்னான். முதலாளி யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் புறப்பட்டார். அப்படிக் கூறுகிறவர்களில் பாதிப்பேர் யோசிப்பதில்லை; மீதிப்பேர் சொல்வதில்லை.

அக்காளின் கணவர் அளவுகோலைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்றாள் அக்காள்.

“ஏழு வாரமா.”

“தினம் நாலு வீடு. நடுவழில நின்னிருந்தா, படுக்கையில கிடக்கறவங்க என்னைத்தான பாத்துக்கிட்டு இருப்பாங்க. உன்னையா பாப்பாங்க?”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். எஞ்சின் பழுதாகியிருக்குமா என்று கேட்டாள். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றான்.

“சரி. கீழ படு. எண்ணெயை இப்பவே இறக்கு,” என்றாள்.

அவன் டயர்க் கடையிலிருந்து ஜாக்கியை வரவழைத்து, புதிய எண்ணெய் வாங்க ஆள் அனுப்பி, ஐந்து லிட்டர் கேனின் பக்கத்தை அறுத்து அடியில் வைத்துக்கொண்டு, காருக்குக் கீழே நுழைந்தான். அந்த எஞ்சின் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கொள்ளும். அடைப்பானைத் திருகி எடுத்ததும் எண்ணெய் கொட்டியது. கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் கெட்டியாக இல்லை. கொதிநீரைப்போலச் சலசலத்து விழுந்தது. கேன் விளிம்புவரை நிறைந்தது. தாரை மெலியவில்லை. வேறு வழியின்றி அவன் கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டான். நான்கு தெரு ஓடிய எஞ்சினின் சூடு இன்னும் ஆறவில்லை.

அக்காளின் பாதங்கள் மட்டுமே அவனுக்குத் தெரிந்தன. அவை சற்று நேரம் அசையாமல் நின்றன. பிறகு திரும்பி வீட்டுக்குள் போயின. அவன் விரலை எடுக்காமல் படுத்திருந்தான். அவை திரும்பி வந்தபோது ஒரு பிளாஸ்டிக் வாளி தரையில் உராய்ந்துகொண்டு உள்ளே வந்து, அவன் தோளில் இடித்து நின்றது.

“விரலை எடு. சுடும்,” என்றாள்.

அவன் எடுத்தான். எண்ணெய் வாளியில் விழத் தொடங்கியது.