பதினேழாம் தொட்டி

கண்ணாடிக் கூடத்தில் என் வேலை தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. கேட்டால் சிரிப்பு வரும். செய்து பார்த்தால் தெரியும். தொட்டிக்கு ஒன்றாக நாற்பது தக்காளிச் செடிகள். இருபதில் செடிக்கு ஐந்து காய் மட்டும் விட்டு, மீதியைக் கிள்ளிவிட்டோம். மற்ற இருபதில் காய்த்ததெல்லாம் அப்படியே. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, அரை வயிற்றுத் தண்ணீர். எந்த வரிசை முதலில் துவளுகிறது என்று ஆராய்ச்சி செய்யும் மேடம் பார்க்க வேண்டும். காய் நிறைந்த வரிசைதான் துவண்டது. இதற்கு ஆராய்ச்சி எதற்கு, என் வீட்டுக்கு வந்திருந்தால் போதும்.

வீட்டில் அப்பா, இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. வெளியூர் விதைப் பண்ணை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தங்க அறையும் தருவார்கள். அன்று மாலை ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் அந்தக் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

"நீ போயிட்டா நாங்க என்னக்கா பண்றது?" என்றான் பெரிய தம்பி. அவனுக்கு இருபத்தெட்டு வயது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை மேசைமேல் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்தக் கோபத்தோடுதான் காய் நிறைந்த வரிசையில் பதினேழாம் தொட்டி முன் நின்றேன். இலையெல்லாம் சுருண்டு கிடக்க, காய் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. ஒன்றுவிடாமல் கிள்ளிப் போட்டேன்.

மேடம் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"பாக்க முடியல மேடம். கொஞ்சம் மூச்சு விடட்டும்னு..."

"இனிமே இது கணக்குல சேராது. வெளிய எடுத்து வை. தண்ணி ஊத்தணும்னா ஊத்திக்கோ."

வெளியே வைத்து வாளி நிறைய ஊற்றினேன். அழுகை வந்தது. போய்விடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். மணி நாலு இருபது. பண்ணைக்குப் போன் போட்டேன்.

"காலையிலயே உங்க தம்பி பேசினாரும்மா. நீங்க வரலன்னுட்டாரு. வேற ஆள் எடுத்துட்டோம்."

பெரிய தம்பியைப் போனில் அழைத்தேன்.

"உனக்கு எதுக்கு சங்கடம்னு நானே சொல்லிட்டேன்க்கா," என்றான். "வரும்போது அப்பாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்துடு."

மறுநாள் பதினெட்டாம் செடி தலை சாய்ந்தது. அதில் இருபத்துமூன்று காய். மேடம் எழுதிக்கொண்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.